ஏரிக்கரையில் நடக்க வருவோருக்கு ஊர் வைக்கும் ஒழுங்கு

விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குப் போகிற சாலையில் இருக்கிறது கம்மாபுரம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். ஒரு பக்கம் நெய்வேலிச் சுரங்கங்கள். தெற்கே போனால் வெள்ளாறு. இடைப்பட்ட நிலத்தில் நெல், கரும்பு, உளுந்து. செம்மண் மேட்டில் முந்திரியும் மணிலாவும். இங்கே மலை இல்லை, காடு இல்லை. நடப்பதற்கு இருப்பவை ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை, வரப்பு ஆகியவைதாம்.

இந்த வழிகளில் முன்பெல்லாம் ஊர்க்காரர் மட்டுமே நடந்தார்கள். மடையைத் திறக்கப் போகிறவர், மாட்டை ஓட்டிப் போகிறவர், நடவுக்குப் போகிற பெண்கள் என எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். எங்கே கால் வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போது டவுனிலிருந்து காலை நடைக்கு வருகிறார்கள். மழைக்காலம் முடிந்து ஏரி நிறைந்திருந்தால் பறவை பார்க்கவும் படம் எடுக்கவும் வருகிறார்கள். விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிளிலேயே கரை மேல் ஏறிவிடுகிறவர்களும் உண்டு.

வருகிறவர்களை விரட்டுவதா, வரட்டும் என்று விடுவதா? இரண்டும் சரியாக வராது. விரட்டினால் சண்டைதான் மிச்சம். ஏரிக்கரை பொதுச் சொத்து என்பார்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் கரையும் பயிரும் கெடும். வேறு சில ஊர்கள் நடுவே ஒரு வழி கண்டிருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்வது கம்மாபுரம் போன்ற ஊர்களுக்கு உதவும்.

மேலூர்ப் பக்கத்து மலைவழிகள்

மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. ஊரைச் சுற்றி ஏழு பாறைக் குன்றுகள். ஒரு குன்றில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் பிராமிக் கல்வெட்டும் சமணர் படுக்கைகளும் இருக்கின்றன. பாறையைக் குடைந்து செய்த பழைய சிவன் கோயிலும் உண்டு. விவசாயி கண்ணுக்கு அதைவிட முக்கியமானது தண்ணீர். மழை பெய்தால் அந்த மொட்டைப் பாறைகளில் விழும் நீர் வழிந்து கண்மாய்களுக்கு வருகிறது. இந்தப் பகுதியில் 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் இருப்பதாக அரசுக் கணக்கு. மலையை உடைத்தால் கண்மாய்க்கு வருகிற தண்ணீர் போய்விடும். அதனால் அந்த ஊர் மக்கள் தாங்களே சேர்ந்து மலையைக் காத்து வருகிறார்கள்.

மதுரையில் 2010-ஆம் ஆண்டு தொடங்கிய ‘பசுமை நடை’ என்ற தன்னார்வக் குழு இத்தகைய குன்றுகளுக்கு மக்களை அழைத்துப் போகிறது. எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் முன்னின்று நடத்துவது. ஒத்தக்கடை யானைமலைக்கு ஆபத்து வந்தபோது எழுந்த அக்கறையில் பிறந்த குழு அது. கீழக்குயில்குடி சமணர் மலை, அரிட்டாபட்டி, மாங்குளம் எனக் குழந்தை குட்டிகளோடு ஜனங்கள் போகிறார்கள். கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் விளக்குவார்கள். போகிறவர் தனி ஆளாக அலையாமல், இடம் தெரிந்த ஒருவரோடு கூட்டாகப் போய்த் திரும்புகிறார். இடத்தின் அருமை தெரிந்தபின் அதில் பெயரைக் கிறுக்க மனம் வராது.

2022 நவம்பர் 22-ஆம் தேதி அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புத்தின்னி எல்லாம் அங்கே பதிவாகியுள்ளன. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் பரப்புக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. சுற்று வட்டார விவசாயிகள் திரண்டார்கள். நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு நடந்தே போனார்கள். சட்டப் பேரவையிலும் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மலைக்கு நடந்து போனவர்களால் மட்டும் இது நடந்துவிடவில்லை. ஊர் மக்களின் ஒற்றுமைதான் முதல் காரணம். ஆனால் அந்த மலையில் என்ன இருக்கிறது, எத்தனை ஊற்று, என்ன பறவை என்பதெல்லாம் முன்பே எழுத்தில் இருந்தன. வெளியூரில் ஆயிரக்கணக்கானோர் அதை நேரில் பார்த்திருந்தார்கள். நாம் காப்பாற்ற நினைக்கும் இடத்தை நாலு பேர் மதிப்போடு வந்து பார்த்திருப்பதும் ஒரு பலம். நிலக்கரிப் படிவத்தின் மேல் வாழும் கம்மாபுரம் வட்டாரத்துக்கு இதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

காரணம் தெரிந்த விதி நிற்கும்

சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-இல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கண்மாய் மரங்களில் குஞ்சு பொரிக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்பதுதான் காரணம். யாரும் தண்டம் போட்டு இந்தக் கட்டுப்பாடு நிற்கவில்லை. குழந்தைக்கும் காரணம் தெரியும், அதனால் நிற்கிறது.

வேடந்தாங்கல் இன்னும் பழைய கதை. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊர் விவசாயிகளுக்குத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிவிட்டார்கள். வெளியாளுக்கு ஊர் வைத்த விதி அது. அடியில் இருந்தது விவசாயக் கணக்கு.

இங்கிலாந்தில் பண்ணைகளுக்குள்ளேயே பொது நடைபாதைகள் போகின்றன. நடப்பவருக்கான ஒழுங்குமுறையை 1951-இல் வெளியிட்டார்கள். அதன் இப்போதைய வடிவத்தில் உள்ள விதிகளில் ஒன்று, பண்ணைக் கதவை எப்படிப் பார்த்தாயோ அப்படியே விட்டுப் போ என்பது. திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. திறந்து வைத்ததற்கு மாடு தண்ணீருக்குப் போவது காரணமாக இருக்கலாம். அது விவசாயிக்குத்தான் தெரியும்.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் குரங்கணி காட்டியது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் கொண்டு வந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 வழிகளை முறைப்படி திறந்தது. முன்பதிவு வேண்டும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார், தீக்காலத்தில் வழிகளை மூடிவிடுவார்கள்.

கம்மாபுரத்துக்கு எது பொருந்தும்?

மலைக்குச் செய்த விதியை ஏரிக்கரைக்கு அப்படியே எடுத்துவர முடியாது. நம் நிலத்துக்கு ஏற்ற விதியை நாமே எழுத வேண்டும். ஆறேழு போதும், ஒவ்வொன்றுக்கும் காரணம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒன்று: ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கரை மேல் வண்டி ஏறக் கூடாது. சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கி ஊறினால் அந்த இடம்தான் முதலில் உடையும். நடந்து போவதால் கெடுதல் இல்லை.

இரண்டு: அறுவடை முடிந்த வயல் காலியாகத் தெரிந்தாலும் குறுக்கே நடக்கக் கூடாது. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே உளுந்து தெளித்திருப்போம். தாளுக்கு நடுவே முளைத்திருப்பது வெளியூர்க்காரர் கண்ணுக்குப் புல்லாகத் தெரியும். மிதித்தால் அந்தப் போகம் போச்சு.

மூன்று: பாட்டிலும் பிளாஸ்டிக்கும் கொண்டு வந்தவரே திரும்ப எடுத்துப் போக வேண்டும். பை மாட்டின் வயிற்றில் சேர்ந்தால் அசை போடாது, வயிறு உப்பிச் சாகும். உடைந்த கண்ணாடி சேற்றில் இறங்கும் நடவுப் பெண்களின் காலைக் கிழிக்கும்.

நான்கு: கரும்புத் தோட்டம், வைக்கோல் போர் பக்கம் பீடி, சிகரெட், நெருப்பு கூடாது. தை முதல் சித்திரை வரை சோகை காய்ந்திருக்கும். ஒரு பொறி போதும்.

ஐந்து: மருந்து அடித்த வயலின் வரப்பில் நடக்கக் கூடாது. அடித்தவர் ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டி வைக்க வேண்டும். இந்த விதியில் பாதிப் பொறுப்பு விவசாயிக்கு.

ஆறு: முந்திரித் தோப்பில் கீழே கிடக்கும் கொட்டையும், கரையில் விழுந்த பனம்பழமும் ஒருவருக்குச் சொந்தம். ஏலம் எடுத்தவரோ குத்தகைக்காரரோ அதை நம்பித்தான் பணம் கட்டியிருக்கிறார்.

ஏழு: மடை, கலங்கல் பக்கம் குளிக்க இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரியும் தண்ணீர் மடைவாயில் உள்ளே இழுக்கும்.

வருகிறவருக்கு விதி சொல்லும்போது ஊரும் சிலவற்றைச் சரிசெய்ய வேண்டும். காட்டுப் பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் விடுவது சட்டப்படி குற்றம்; பல உயிர்கள் இப்படிப் போயிருக்கின்றன. வழி ஓரத்தில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் முள்ளாவது போட்டு அடைக்க வேண்டும். வாய்க்காலில் நம் வீட்டுக் குப்பையே கிடந்தால் வெளியாளைக் கேட்க வாய் வராது.

யார் செய்வது?

முதலில் ஏரி யாருடையது என்று பார்க்க வேண்டும். 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையுடையவை. பாசன விவசாயிகள் சங்கம் இருந்தால் அவர்களையும் சேர்க்க வேண்டும். பிறகு கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் சபையில் விதிகளைத் தீர்மானமாக வைக்கலாம். தனியார் பட்டா வரப்பில் நடக்க அந்த நிலத்துக்காரர் சம்மதம் கட்டாயம். தீர்மானம் அதற்கு ஈடாகாது.

2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். ஊரின் மரம், மீன், பறவை, பழைய நெல் ரகம் அனைத்தையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. நடக்க வரும் பறவை ஆர்வலர்களிடம் பட்டியல் கேட்டு வாங்கலாம். எந்தச் செடிக்கு என்ன பெயர் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லலாம். வந்தவரும் ஊருக்கு ஒரு வேலை செய்தவராவார்.

மற்றபடி பெரிய செலவில்லை. ஏறுமிடத்தில் ஒரு பலகை, அதில் ஏழு விதி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடவே நடந்து காட்ட இரண்டு இளைஞர்கள். மாதம் ஒரு முறை கரையைச் சுற்றி வந்து எலி வளை, நண்டு வளை, வெட்டுப்பட்ட இடம் பார்த்துக் குறித்து வைக்கிற ஒரு நோட்டு. அந்த நோட்டு மழைக்கு முன் கரையைச் சரிசெய்யச் சொல்லி மனுக் கொடுக்கும்போது உதவும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒரு கிராம சபை வருகிறது. ஒரே ஓர் ஏரியை, ஒரே ஒரு வழியை எடுத்துக்கொண்டு தொடங்கலாம்.