மணலில் இறங்கிய கால்கள்

நான் பிறப்பதற்கு முன்பே முடிந்துபோன சில மாலைகளுக்காக எனக்குத் தீராத ஏக்கம். 1930-களின் இறுதியில், லிமா நகரத்தின் ஆச்சோ காளைப்போர் அரங்கில், கொஞ்சித்தா சிந்த்ரோன் என்ற பதின்ம வயதுப் பெண் குதிரையேறி வந்த மாலைகள் அவை.

1922-இல் சிலியில் பிறந்து பெருவில் வளர்ந்தவர். லிமாவில் குதிரையேற்றம் கற்றுத்தந்த போர்ச்சுகீசியர் ருய் த காமராதான் குரு. இரு கைகளிலும் குத்தீட்டிகள் இருந்தால் கடிவாளத்துக்குக் கை ஏது? முழங்காலின் அழுத்தமும் உடலின் சாய்வுமே குதிரைக்குக் கட்டளை. கொம்பு உரசும் நெருக்கத்துக்குக் காளையை வரவிட்டு, அதன்பின் விலக வேண்டும். அந்த ஒரு கணத்தில் குதிரையும் அவரும் ஒரே உயிர்.

அரங்கில் செத்தவை காளைகள்தான். அது என்னை உறுத்தாமல் இல்லை. அந்த ரத்தத்துக்காக நான் ஏங்கவில்லை. அந்தப் பெண்ணின் நிமிர்வுக்காகத்தான் ஏங்குகிறேன்.

பெருவிலும் மெக்சிகோவிலும் அவர் குதிரையை விட்டிறங்கி, சிவப்புத் துணியும் வாளுமாகத் தரையிலும் நின்றார். ஸ்பெயினிலோ பெண் தரையில் நின்று காளையை எதிர்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. சேணத்தின் மேல் இருக்கும்வரை கைதட்டல்; கால் மணலில் பட்டால் குற்றம்.

பின்னர் ஒரு நாள், ஸ்பெயினின் ஹயேன் நகரத்து அரங்கில், தடையை மீறி அவர் இறங்கினார். துணியை வீசிக் காளையை அழகாகச் சுற்றவைத்தார். கொல்ல வேண்டிய நேரத்தில் வாளைக் கீழே போட்டுவிட்டு, பாய்ந்து வந்த காளையின் தோளைக் கையால் தொட்டார். கைது செய்தார்கள். கூட்டம் கொந்தளித்ததும் விடுவித்தார்கள்.

அரங்கிலிருந்து விடைபெற்றபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1951-இல் திருமணம், பிறகு போர்ச்சுகலில் குடும்பம், எழுத்து, நாய் வளர்ப்பு. 2009-இல் லிஸ்பனில் மறைந்தார்.

நிறைவான வாழ்க்கைதான். ஆனாலும் என் மனம் ஆறவில்லை. இன்னும் எத்தனையோ மாலைகள் அவரிடம் மிச்சமிருந்தன. திறமை தீர்ந்து ஒருவர் விடைபெற்றால் நன்றியோடு வழியனுப்பலாம். தரையில் நிற்கும் உரிமைக்கே மன்றாட வேண்டியிருந்தவர் விடைபெற்றால், அவர் ஆடாமல் விட்ட ஆட்டங்களையும் சேர்த்தே மனம் தேடுகிறது.