அமிர்தசரஸில் கேட்ட ஆணை

தலைநகரில் ரயில்வே எழுத்தராகப் பணியேற்று நமக்குப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. தந்தையார் மறைந்தபின் தாயார் ஊரில் தனித்திருக்கிறார். இங்கே வந்துவிடுமாறு அழைத்தால், "அந்தக் குளிர் எனக்கு ஆகாதப்பா; பேச்சுத் துணைக்கும் ஆளிராது" என்பார். ஆகவே, தென்னக ரயில்வேக்கு மாற்றல் கேட்கலாமா என்னும் எண்ணம் ஓராண்டாக நம்மை அரித்து வந்தது.

இதிலுள்ள சிக்கலை ரயில்வே அன்பர்கள் அறிவார்கள். சொந்த விருப்பத்தின்பேரில் வேறு மண்டலத்துக்கு மாற்றல் பெறுவோர், அங்கே பணிமூப்பு வரிசையின் கடைசியில்தான் நிற்கவேண்டும். நமக்குப் பின் பல ஆண்டு கழித்து வேலைக்கு வந்த இளைஞர்கள் நமக்கு முன்னால் பதவி உயர்வு பெறுவார்கள். விண்ணப்பத்தை எழுதினோம், கையெழுத்திடாமல் மேசை அறையில் வைத்துப் பூட்டினோம்.

ஊர் வழக்கப்படி பூக்கேட்டும் பார்த்தோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, முருகன் படத்தின்முன் வைத்து, சிறுமகளை ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தால் ஊருக்குப் போவது என்பது வேண்டுதல். வெள்ளையே வந்தது. "இன்னொரு முறை கேட்போமே" என்றோம். இல்லாள் நகைத்து, "சாமியிடம் உத்தரவு கேட்கிறீர்களா, பேரம் பேசுகிறீர்களா?" என்றாள். நமக்கு விடை சொல்ல வாயெழவில்லை.

இந்த மனநிலையில்தான் சென்ற குளிர்காலத்தில் குடும்பத்துடன் அமிர்தசரஸுக்குப் புறப்பட்டோம். தில்லியிலிருந்து ஏறத்தாழ 450 கிலோமீட்டர்; ஓர் இரவுப் பயணம். விடியுமுன்னரே பொற்கோயிலை அடைந்தோம். காலணிகளைக் காப்பிடத்தில் ஒப்படைத்து, கால்களை நீரில் நனைத்து, தலையைத் துணியால் மூடிக்கொண்டு உள்ளே சென்றோம். நான்காம் குருவான ராமதாஸர் காலத்தில் வெட்டப்பட்ட திருக்குளத்தின் நடுவே கோயில் ஒளிர்ந்தது. அதற்குப் பொன்வேய்ந்த பெருமை மகாராஜா ரஞ்சித் சிங்கைச் சாரும். நான்கு திசைக்கும் நான்கு வாயில்கள். எத்திசையிலிருந்து வருவோருக்கும் அடைப்பில்லை.

இங்கே விக்கிரகம் கிடையாது. குரு கிரந்த சாஹிப் என்னும் திருநூலே குருவாக வீற்றிருக்கிறது. 1604-ஆம் ஆண்டில் ஐந்தாம் குரு அர்ஜுன் தேவர் இதன் முதல் தொகுப்பை இங்கே எழுந்தருளச் செய்தார். நெசவாளரான கபீரின் பாடல்களும், தோல்தொழிலாளரான ரவிதாஸரின் பாடல்களும் குருமார்களின் பாடல்களோடு இதில் இடம்பெற்றுள்ளன. நாள்தோறும் வைகறையில் நூலைப் பல்லக்கில் கொணர்ந்து, பக்கம் பாராமல் விரிக்கிறார்கள். இடப்பக்கத்தின் தலைப்பில் வரும் பாடலே அன்றைய ஆணை. அதனை ஹுக்கம்நாமா என்பர். குழந்தைக்குப் பெயரிடும்போதுகூட, இவ்வாறு வரும் பாடலின் முதலெழுத்தைக் கொள்வது சீக்கியர் மரபு.

ஆணை ஓதப்பட்டது. பாடலின் மொழிநடை நமக்கு விளங்கவில்லை. அருகே அமர்ந்திருந்த சீக்கியப் பெரியவர் ஒருவரிடம் இந்தியில் கேட்டோம். "தான் என்னும் நினைப்பை விட்டவனுக்கே உள்ளே வெளிச்சம் உண்டாகும் என்பது இன்றைய பாடலின் சாரம்" என்றார். நம் குழப்பத்தைச் சொல்லி, "போ என்றோ இரு என்றோ ஆணை வரவில்லையே, ஐயா?" என்றோம். அவர் புன்னகைத்தார். "மகனே, எந்த வண்டியில் ஏறுவது என்று குரு சொல்லமாட்டார். எதைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாமல் நிற்கிறாய் என்று காட்டுவார். பிறகு நீயே ஏறிக்கொள்வாய்" என்றார்.

அதன்பின் லங்கர் என்னும் அன்னசாலைக்குச் சென்றோம். செல்வரும் கூலியாளும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்திருந்தனர். இருகைகளையும் ஏந்தி ரொட்டி வாங்கவேண்டும். வரிசையின் கடைசி இடம் நமக்குக் கிடைத்தது. முதலிடத்தில் இருந்தவருக்கு இட்ட அதே ரொட்டி, அதே பருப்பு நமக்கும் வந்தது. அப்பொழுதுதான் உறைத்தது: நாம் அஞ்சியது சம்பளக் குறைவுக்கன்று, இளையவருக்குப் பின்னால் அமர்வதற்கே. வெள்ளைப் பூ அன்றே சொல்லிவிட்டது. கேட்கும் செவிதான் நமக்கில்லை.

தில்லி திரும்பிய மறுநாளே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். மாற்றல் உத்தரவு இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருப்போம். செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது தாயார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "பின்கட்டு ஓடு ஒழுகுகிறது, நீங்கள் வருமுன் மாற்றிவிடுகிறேன்" என்றார்.

முடிவெடுக்க இயலாமல் இறைவன்முன் நிற்கும் அன்பர்களுக்கு நம் அனுபவம் இதுவே: விடை கேட்குமுன், எந்த விடைக்கு அஞ்சுகிறோம் என்பதை அவனிடம் சொல்லிவிடுவது நலம்.