மூன்று விரற்கடைக் கூந்தல்

ஆம்பூரில் வசிக்கும் நமக்குக் கூந்தலைப் பற்றி எழுத என்ன யோக்கியதை என்று நேயர்கள் கேட்கலாம். மயிரைக் களைவதற்கே பெயர்போன பிரதேசம் இது. ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, வேர் இளகியதும் மயிரை வழித்தெடுப்பது தோல் ஷாப்பின் ஆரம்ப காரியங்களில் ஒன்று. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் இதே கதைதான். அப்படிப்பட்ட ஊரில், மூன்று விரற்கடை மயிருக்காக நம் வீட்டில் நான்கு நாள் மௌன யுத்தம் நடந்தது.

நம் புதல்விக்கு வயது 17. பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். 12 வருஷ காலமாக அந்தப் பின்னலுக்கு ஏகபோக அதிகாரி நம் தாயார்தான். காலை ஆறு மணிக்குத் தேங்காயெண்ணெய்க் கிண்ணமும் சீப்புமாகத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். பேத்தி அவர் முன்னால் வந்து அமர்வாள். பள்ளிக்கூடத்து வம்புகள், சிநேகிதிகளின் சண்டைகள், நம் காதுக்கு எட்டாத இரகசியங்கள் யாவும் அந்த அரைமணி நேரத்தில்தான் பரிமாறப்படும்.

சென்ற வைகாசியில் ஒரு சனிக்கிழமை. வேலூருக்குப் போய் வந்த பெண்ணின் நெற்றி காணாமற் போயிருந்தது! புருவம் வரையில் ஒரு சிறு திரை தொங்கிற்று. பின்னல் மட்டும் பழையபடியே இருந்தது.

"முடியை இன்னும் நீளமாகத்தான் வளர்க்கப் போகிறேன், அப்பா. முன்னால் கொஞ்சந்தான் வெட்டினேன்" என்றாள்.

நம் தாயார் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மறுநாள் காலை திண்ணையில் எண்ணெய்க் கிண்ணம் இல்லை.

நாம் சமரசத் தூது புறப்பட்டோம். முதலில் விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தோம். மயிர் வளர்வது வேரில். நுனியை வெட்டுவதால் வளர்ச்சி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும். புருவத்தளவில் வெட்டியது ஓராண்டில் மோவாயை நெருங்கும். காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடலாம். பிறகு தர்மத்தைப் பேசினோம். திருப்பதியில் பூமுடி கொடுக்கும் ஸ்திரீகளை யாராவது ஆட்சேபிக்கிறார்களா? ஒரு காலத்தில் ஆண்கள் குடுமியை அடியோடு எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொள்ளவில்லையா? விடியற்காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்களையும் சாட்சிக்கு அழைத்தோம். மிஷினில் சிக்காதிருக்கக் கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாலும், நெற்றியில் இரண்டு கற்றையைத் தங்கள் இஷ்டப்படி ஆட விட்டிருக்கிறார்களே!

பலன் பூஜ்யம். நான்காம் நாள் இரவுதான் நம் தாயார் வாய் திறந்தார்.

"போதும், நிறுத்துடா. சாதனா கட்டைப் பார்க்காதவளா நான்?"

1960-ல் வெளிவந்த 'லவ் இன் சிம்லா' என்னும் இந்திப் படத்தில், நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைப்பதற்காக, டைரக்டர் ஆர்.கே. நய்யார் ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்னின் பாணியில் அவருடைய முன்மயிரைக் கத்தரிக்கச் செய்தார். சாதனாவின் பெயரே அந்த அலங்காரத்துக்கு நிலைத்துத் தேசமெங்கும் பரவிற்று. பின்னால் நீண்ட பின்னலை விட்டுக்கொடுக்காமலே முன்னால் நாகரிகம் செய்துகொள்ளலாம் என்பதே அதன் வசீகரம்.

1964-ல் நம் தாயாருக்கு வயது 16. தந்தையார் தோல் ஷாப்பு ஒன்றில் கணக்கர். கண்ணாடி முன் நின்று தாமே வெட்டிக்கொண்டாராம்.

"எங்கள் நைனா பார்த்தார். 'ஊரில் தோலுக்கு மயிர் எடுப்பது போதாதென்று நீயும் ஆரம்பித்துவிட்டாயா?' என்று கேட்டார். அவ்வளவுதான். அது வளர்ந்து காதுக்குப் பின்னால் போகிற வரையில் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. முடி வளர்ந்துவிட்டது. அந்த ஒரு வருஷந்தான் திரும்பி வரவில்லை."

"அப்படியானால் நீங்கள் மட்டும் ஏன் அம்மா, குழந்தையுடன் பேசாமல்..."

"வெட்டிக்கொண்டதற்கா கோபம்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனாளே!"

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெண் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். மறுநாள் ஐந்தே முக்காலுக்கே, பின்னலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தாள். சிறிது நேரத்தில் எண்ணெய்க் கிண்ணமும் வந்தது.

நம் தாயார் முதற் காரியமாக முன்மயிரைத் தூக்கிக் கிளிப்பு மாட்டினார். "இதில் எண்ணெய் படக்கூடாது, கண்ணு. பட்டால் நனைந்த காக்கைச் சிறகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலுக்கு நெற்றி வியர்த்தால் இதை மட்டும் தண்ணீர் விட்டு அலசிக்கொள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை நுனியைத் திருத்த வேண்டும். அதற்கு வேலூர் எதற்கு? நான் இல்லையா?"

இப்பொழுது திண்ணையில் கிண்ணத்துக்கும் சீப்புக்கும் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலும் இடம் பிடித்திருக்கிறது. காலை ஆறு மணிக்கு இரகசியங்கள் மறுபடியும் பரிமாறப்படுகின்றன. நாம் அருகே போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இத்தனை தூது நடந்த நமக்கு அந்தச் சபையில் இன்னும் இடம் கிடைக்கவில்லை!