எத்தனை சீட்டு?

அக்கா பையன் பெங்களூரிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். கூடவே நாலு நண்பர்கள். சாப்பாட்டு மேஜையை வளைத்துப் போட்டுக்கொண்டு, இருபது முகப் பகடையை உருட்டி, 'ராட்சசனை அடிச்சுட்டேன்!', 'கதவு திறந்துடுச்சு!' என்று ராத்திரி பதினோரு மணிக்கு ஒரே அமர்க்களம்.

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றான். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இரண்டு பேர் உருவாக்கிய விளையாட்டு. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். நினைத்த காரியம் பலிக்குமா, பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும். நம்ம வீட்டுக் குழந்தைகள் சொப்பு வைத்து விளையாடுகிற மாதிரிதான். சட்டதிட்டம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி!

அன்றைக்கு அவர்கள் கதையில் ஒரு மாயச் சீட்டுக்கட்டு கிடைத்தது. ஐந்து பேரும் கப்சிப்.

'டெக் ஆஃப் மெனி திங்ஸ்' என்று பேர். 1975-லேயே, 'கிரேஹாக்' என்ற இணைப்புப் புத்தகத்தில் வந்துவிட்டது. 2023-ல் இதை வைத்தே ஒரு தனிப் புத்தகம் போட்டார்கள். அவ்வளவு மவுசு, அவ்வளவு பயம். பெரும்பாலும் கட்டில் 13 சீட்டு, அபூர்வமாக 22. எது வருமென்று தெரியாது. 'மூன்' வந்தால் கேட்ட வரம். 'ரூயின்' வந்தால் சொத்து பூரா காலி. 'ரோக்' வந்தால் கதையில் யாரோ ஒருவர் உங்களுக்கு எதிரியாகிவிடுவார். யார் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்!

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? ஒரு பேப்பரை எடுத்து 22 சீட்டையும் வரவு, செலவு என்று பிரித்தேன். என் கணக்கில் வரவு 11, செலவு 11. கச்சிதமாக டேலி!

எண்ணிக்கைதான் டேலி. எடை அப்படியில்லை. நல்ல சீட்டு வந்தால் காசு வரும், கோட்டை வரும். 'வாய்டு' என்று ஒன்று இருக்கிறது. அது வந்தால் உடம்பு இங்கே கிடக்கும், உயிர் மட்டும் எங்கேயோ ஒரு பொருளுக்குள் அடைபட்டுவிடும். அதற்கப்புறம் அடுத்த சீட்டுக்குப் பேச்சே இல்லை.

எனக்குப் பிடித்தது அந்தக் கட்டின் ஒரு விதிதான். முதல் சீட்டைத் தொடுவதற்கு முன்பே, எத்தனை எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் அடுத்ததை எடுக்காவிட்டால், மிச்சச் சீட்டுகள் தானாகவே கட்டிலிருந்து பறந்து வந்து வேலையைக் காட்டும்.

திருடன் வேஷத்தில் இருந்த பையன் 'மூணு' என்றான். முதல் சீட்டு, ரத்தினக் குவியல். இரண்டாவது, ஒரு கோட்டை. சட்டப்படி அவனுக்குச் சொந்தம், ஆனால் உள்ளே பூதங்கள் குடியிருக்கின்றன. வாடகைக்காரர் காலி பண்ணாத வீடு மாதிரி! எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது, வாய்டு.

சிரிப்பு நின்றது. பையன் முகம் சுண்டிவிட்டது. 'ரெண்டோட நிறுத்தியிருக்கலாம்டா' என்றான் ஒருத்தன். இனி மற்ற மூன்று பாத்திரங்களும் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவன் உயிரைத் தேடி அலைய வேண்டும்.

எனக்குச் சுருக்கென்றது.

2007. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். எனக்கு ஷேர் மார்க்கெட் பித்து. வாங்கியதெல்லாம் ஏறியது. சம்பளம் போதாமல், 'மூணே மாசம்' என்று சொல்லி மனைவியின் வளையல்களை அடகு வைத்தேன். கழற்றிக் கொடுக்கும்போது அவள் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு வந்தா போதும்?"

"வரட்டும், பார்க்கலாம்" என்றேன்.

2008 ஜனவரி 21. ஒரே நாளில் சென்செக்ஸ் 1,408 புள்ளி சரிந்தது. அப்போதாவது நிறுத்தினேனா? விலை குறைந்திருக்கிறதே என்று, கடன் வாங்கி இன்னும் வாங்கினேன். வளையல் ஏலத்துக்குப் போனது. கடனை அடைக்க நாலு வருஷம். அவளும்தான் சேர்ந்து அடைத்தாள்.

"அத்தை, நீங்க ஒரு ஆட்டம் வாங்களேன்!"

காபி கொண்டுவந்தவளைப் பையன்கள் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். அவசரமாக ஒரு மந்திரக்காரி வேஷமும் கொடுத்தாயிற்று.

"எத்தனை சீட்டு? முதல்லயே சொல்லணும்."

"ஒண்ணு போதும்" என்றாள். யோசிக்கவேயில்லை.

வந்தது 'ஃபேட்ஸ்'. மேஜையே அதிர்ந்தது. நடந்து முடிந்த ஒரு சம்பவத்தை நடக்கவே இல்லை என்று அழித்துவிடலாமாம்!

"எதை அழிக்கலாம் அத்தை?"

நான் கையிலிருந்த வரவு-செலவுப் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்பவே சொல்லணுமா?"

"வேணாம். சாகறதுக்குள்ள எப்ப வேணும்னாலும் சொல்லலாம்."

"அப்ப இருக்கட்டும்" என்று டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பையன்கள் ஊருக்குப் போய் இரண்டு மாசமாகிறது. சீட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. எதற்கு வைத்திருக்கிறாய் என்று நானும் கேட்கவில்லை.