ஆயிரம் டாலரும் அகல டயரும்!

டிசம்பர் மாதம், காலை எட்டரை மணி. ஆங்கரேஜ் நகரத்தில் இன்னும் இருட்டு விலகவில்லை. கடலோரப் பனிப்பாதையில் சின்னச் சின்ன விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது, எல்லாம் சைக்கிள்கள். வேலைக்குப் போகிறார்கள்!

அந்த சைக்கிள்களின் டயரைப் பார்த்தால் நம் ஊர் ஸ்கூட்டர் டயரே ஒல்லியாகத் தெரியும். நான்கு அங்குலம், ஐந்து அங்குலம் அகலம். இதற்குப் பெயர் ஃபேட் பைக். பெயரில்தான் பைக், என்ஜின் கிடையாது. முழுக்கக் கால் பலம்தான்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் அலாஸ்கா மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் ஆங்கரேஜ். சுமார் 2.9 லட்சம் பேர் வசிக்கிறார்கள். டிசம்பர் கடைசியில் பகல் என்பதே ஐந்தரை மணி நேரம்தான். ஒரு குளிர்காலத்தில் சராசரியாக ஆறு அடிக்கு மேல் பனி கொட்டும். அதற்காக யாரும் வீட்டுக்குள் முடங்கிவிடுவதில்லை. நகர மையத்திலிருந்து கின்கெய்ட் பூங்கா வரை சுமார் 18 கி.மீ. நீளும் டோனி நோல்ஸ் கடலோரப் பாதையில் பனிச்சறுக்குப் பிரியர்கள், நாயோடு நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள் என எல்லோரையும் பார்க்கலாம். குதிரை உயரத்துக்கு வளரும் மூஸ் மான் குறுக்கே நின்றுவிட்டால் மட்டும், அது நகரும்வரை தள்ளி நின்று காத்திருக்க வேண்டும். மணியடித்து விரட்டப் பார்த்தால் மிதி விழும்!

பழைய சைக்கிள் ஏன் போதாது?

கோடையில் ஓட்டிய மலைச் சைக்கிளையே குளிர்காலத்திலும் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. முதல் பனிப்பொழிவிலேயே விஷயம் புரிந்துவிடும். இரண்டேகால் அங்குல டயர் பனியைக் கத்திபோல் அறுத்துக்கொண்டு இறங்கும். பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்புறம் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதுதான். போதாக்குறைக்கு, அது விட்டுப்போகும் பள்ளத்தில் பின்னால் வருபவரும் தடுமாறுவார்.

ஃபேட் பைக்கின் ரகசியம் அகலத்தில் பாதி, காற்றில் பாதி. பெட்ரோல் பங்கில் கார் டயருக்கு 30, 32 பி.எஸ்.ஐ. காற்று வைப்போம். இதற்குக் கெட்டிப் பனியில் 8, புதுப் பனியில் 4 அல்லது 3 பி.எஸ்.ஐ. போதும். மணலில் ஒட்டகத்தின் பாதம் விரிவதுபோல் டயர் அமுங்கி விரியும். எடை ஓரிடத்தில் குவியாததால், சைக்கிள் பனிக்குள் புதையாமல் மேலேயே ஓடும்.

பட்டறையில் பிறந்த வண்டி

இது பெரிய ஆலையில் பிறந்த யோசனை அல்ல. நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுக்குப் பெயர்போன இடிடரோட் பாதையில் 1987-ல் சைக்கிள் பந்தயம் ஆரம்பித்தது. அகல ரிம் எந்தக் கடையிலும் கிடைக்காத காலம். சிலர் இரண்டு ரிம்களை ஒட்டவைத்து வெல்டிங் செய்து பார்த்தார்கள். ஃபேர்பேங்க்ஸ் நகரத்து சைமன் ராகோவர், 44 மி.மீ. அகலத்தில் ‘ஸ்னோகேட்’ ரிம்மைக் கொண்டுவந்தார். பல ஆயிரம் மைல் தெற்கே, நியூ மெக்சிகோவில் ரே மொலினா பாலைவன மணலில் ஓட்டுவதற்காக அதைவிட அகலமான ரிம்மும் டயரும் செய்தார். பனிக்கும் மணலுக்கும் மருந்து ஒன்றுதான்!

2005-ல் மின்னசோட்டாவின் சர்லி நிறுவனம் ‘பக்ஸ்லி’ என்ற ஸ்டீல் ஃபிரேமையும் 3.7 அங்குல டயரையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் சாதாரண ஆட்களும் கடைக்குப் போய் ஃபேட் பைக் வாங்க முடிந்தது. சில ஆண்டுகளில் சூப்பர் மார்க்கெட்டுகளும் சில நூறு டாலருக்கு விற்கத் தொடங்கின. குழப்பமும் அங்கேதான் தொடங்கியது.

அக்டோபர் பணம்

அலாஸ்காவில் ஒரு விசேஷம் உண்டு. மாநிலத்தின் எண்ணெய் வருமானத்தில் உருவான நிதியிலிருந்து, முழு ஆண்டு அங்கே குடியிருந்த ஒவ்வொருவருக்கும் பங்குத்தொகை வருகிறது. கைக்குழந்தைக்கும் உண்டு. 1982-ல் முதல்முறை கொடுத்தபோது 1,000 டாலர். 2024-ல் 1,702 டாலர். 2025-ல் மறுபடியும் 1,000 டாலர்.

பெரும்பாலானோருக்கு இந்தப் பணம் அக்டோபரில் வரும். முதல் பனியும் அதே சமயத்தில்தான். கடைகளில் நம் ஊர் தீபாவளித் தள்ளுபடி மாதிரி விளம்பரங்கள் தொங்கும். ஆனால், அதே பணத்தில்தான் காருக்குக் குளிர்கால டயர் போட வேண்டும், பிள்ளைகளுக்கு ஜாக்கெட் வாங்க வேண்டும், வீட்டைச் சூடாக்கும் செலவையும் பார்க்க வேண்டும். ஃபேட் பைக்கைத் தப்பாக வாங்கிவிட்டால், அடுத்த அக்டோபர்வரை அது சுவரில் சாய்ந்தபடி கண்ணை உறுத்தும்.

எதில் மிச்சம் பிடிக்கலாம்?

சூப்பர் மார்க்கெட் வண்டியின் விலை ஆசையைத் தூண்டும். எடையோ 20 கிலோவைத் தொடும். தெருவைச் சுற்றவும், ஏரிக்கரையில் பிள்ளைகள் விளையாடவும் அது போதும். தினமும் பத்து கி.மீ. வேலைக்குப் போக வேண்டும் என்றால்தான் சிக்கல். பின்னால் போட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று டயர், பிரேக், சக்கரம் என ஒவ்வொன்றாக மாற்ற ஆரம்பித்தால், நல்ல டயர் ஒன்றே நூறு டாலரைத் தாண்டும். கடைசியில் கணக்குப் போட்டால் நல்ல வண்டியின் விலையே வந்து நிற்கும்.

எனவே, பின்னால் மாற்ற முடியாததற்கு முதலில் பணம் கொடுப்பதே புத்திசாலித்தனம். அது ஃபிரேம். எவ்வளவு அகல டயர் அதற்குள் நுழையும் என்பதே முதல் கேள்வி. பொதுவாகப் பின் ஹப் 170 அல்லது 177 மி.மீ. என்றால் நான்கு அங்குல டயர் வகை. 190 அல்லது 197 மி.மீ. என்றால் ஐந்து அங்குலம்வரை போகலாம். அழுத்திச் சமன் செய்த நகரப் பாதைகளுக்கு நான்கே தாராளம்.

அடுத்தது ஹப். மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண கிரீஸ் மெழுகுபோல் இறுகிவிடும். அப்போது உள்ளே இருக்கும் பற்கள் பிடிக்காமல் பெடல் சும்மா சுற்றும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், வியர்த்த உடம்போடு இப்படி மாட்டிக்கொள்வது உயிருக்கே ஆபத்து. குளிருக்கான கிரீஸ் போட முடிகிற ஹப்பா என்று கடையில் கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

மிச்சம் பிடிக்கவும் இடம் இருக்கிறது. சஸ்பென்ஷன் ஃபோர்க் வேண்டாம். குளிரில் அது விறைத்துவிடும், மெத்து மெத்தென்ற டயரே பாதி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கார்பன் ஃபிரேமும் வேண்டாம், அலுமினியமோ ஸ்டீலோ போதும். அப்படி மிச்சமாகும் காசில் ஹேண்டில்பாரில் மாட்டும் பெரிய கையுறைப் பை ஒரு ஜோடி வாங்கலாம். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்க முடியாதே!

பெயர்பெற்ற நிறுவனங்களின் புது வண்டி 1,500 டாலருக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஆயிரத்துக்குள் வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்ட்தான் வழி. அதற்கு அக்டோபர் ஏற்ற காலமல்ல. பனி உருகும் ஏப்ரலில்தான் விற்பவர்கள் அதிகம், வாங்குபவர்கள் குறைவு. அதுவரை வாடகைக்கு எடுத்து ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பார்க்கலாம். பெடல்களுக்கு இடையே அகலம் கூடுதல் என்பதால், சிலருக்கு முழங்கால் ஒத்துக்கொள்ளாது. வாங்கிய பிறகு தெரிவதைவிட முன்னால் தெரிவது நல்லது.

நீலப் பனியின் முன்னால்

ஆங்கரேஜிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் நிக் ஆற்றுப் பள்ளத்தாக்கு. கடுங்குளிரில் ஆறும் ஏரியும் இறுகிய பிறகு, நிக் பனியாறுவரை சைக்கிளில் போகலாம். வழுவழுப்பான ஏரிப் பனியில் ஆணி பதித்த டயர் தேவை. பனிக்கு அடியில் தண்ணீர் ஓடும் இடங்கள் உண்டு என்பதால், வழி தெரிந்தவர்களோடு போவதே நல்லது. உறைந்த ஏரியில் சிக்கி நிற்கும் நீலப் பனிப்பாறைகள் வீட்டைவிட உயரம். அவற்றை ஒட்டி நிற்கக் கூடாது. எப்போது புரளும் என்று சொல்ல முடியாது.

சனி, ஞாயிறுகளில் அங்கே ஐயாயிரம் டாலர் கார்பன் வண்டியும் வரும், இரண்டு கை மாறிய ஸ்டீல் வண்டியும் வரும். பாதையில் புதுப் பனி விழுந்துகிடந்தால், டயரைக் கல்லுபோல் வைத்திருக்கும் விலையுயர்ந்த வண்டி புதைந்து நிற்கும். பழைய வண்டிக்காரர் குனிந்து, வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, அதைத் தாண்டிப் போவார்.

காற்றை இறக்கிவிடுவதற்குக் காசு எதுவும் ஆவதில்லையே!