அக்காள் பார்த்த நீர்மூழ்கி

பாண்டிச்சேரிக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. கடல் என்றால் மாலையில் காந்தி சிலைப் பக்கம் உட்கார்ந்து காற்று வாங்கும் இடம் என்பதோடு சரி. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்று விசாரிக்க மாட்டார்கள். எங்கள் குடும்பமும் இதற்கு விலக்கல்ல. அப்படிப்பட்ட நாங்கள் ஆறு பேர், புளியோதரையும் முறுக்கும் கட்டிக்கொண்டு, ஒரு பழைய போர்க்கப்பலைப் பார்ப்பதற்காக விசாகப்பட்டினம் வரை ரயிலேறிப் போனோம் என்றால் நம்புவீர்களா?

எல்லாம் என் அக்காள் மகனால் வந்தது. பிளஸ் டூ முடிக்கப் போகிற பையன். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. கடற்படையில் சேரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அக்காளோ, "கடலுக்கு அனுப்புவதற்கா உன்னைப் பெற்றேன்?" என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டாள். அத்தான் வழக்கம்போல் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

பையன் முதலில் ஊர்ப்பெருமையைக் கிளப்பிப் பார்த்தான். "நம் ஊர்ப் பெயரிலேயே கப்பல் இருந்ததம்மா!" என்றான். உண்மைதான். கடலுக்கடியில் எதிரி மிதக்கவிடும் கண்ணிகளைத் தேடி அகற்றுவதற்காகச் சோவியத் நாட்டில் கட்டி வாங்கிய கப்பல்களில் ஒன்றுக்குப் 'பாண்டிச்சேரி' என்று பெயர். 1978-ல் கடற்படையில் சேர்ந்தது. அதே ஜாதியைச் சேர்ந்த 'கடலூர்' 1987-ல் சேர்ந்து, 2018-ல் ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்ற கடலூரைப் புதுவைக் கடலில் மூழ்கவைத்து, தண்ணீருக்கடியில் ஓர் அருங்காட்சியகம் செய்யலாம் என்று திட்டம் அறிவித்தார்கள். இதைக் கேட்ட அக்காள், "பேஷ்! புடவையைக் கட்டிக்கொண்டு நான் எப்படி முங்கிப் பார்ப்பதாம்?" என்று ஒரே போடாகப் போட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும் காட்சி என்றால், பிள்ளையைக் கடலுக்கு அனுப்புகிற தாய்மார்கள் எதைப் பார்ப்பது?

இன்னொரு தவறும் செய்தான் பையன். சரித்திரம் படித்தவன் அல்லவா? 1761-ம் வருஷம் ஜனவரி முதல் தேதி, பாண்டிச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயர் கப்பல்களில் சில ஒரே புயலில் மூழ்கி, ஆயிரம் பேருக்கு மேல் மாண்டதை ரசித்துச் சொன்னான். அக்காள் முகம் வெளுத்துவிட்டது. அன்றிரவு என்னிடம் வந்து, "சித்தி, அம்மாவை ஒரு கப்பலுக்குள்ளே அழைத்துப் போய்க் காட்டினால் என்ன?" என்றான். எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஆனால் உள்ளே நடந்து பார்க்கக்கூடிய போர்க்கப்பல் நம் நாட்டில் அத்தனை சுலபத்தில் கிடைக்காது. பம்பாயில் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல் பல வருஷம் காட்சிக்கு இருந்தது. பராமரிக்க முடியாமல் 2014-ல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். விசாகப்பட்டினம் கடற்கரையில் 'குர்சுரா' ராஜாத்தி மாதிரி கரையேறி உட்கார்ந்திருக்கிறது. இது நீர்மூழ்கிக் கப்பல். 1969 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்து, 1971 யுத்தத்தில் அரபிக் கடலில் காவல் சுற்றி, 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. கடலிலிருந்து மணல்மேல் இழுத்துவந்து நிறுத்தி, 2002 ஆகஸ்டில் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நீளம் 91 மீட்டர். வெளியே நின்று பார்த்தால் கரை ஒதுங்கிய ஒரு பெரிய கரிய திமிங்கிலம்தான்.

"இவ்வளவு பெரிசா!" என்று அக்காள் அதிசயித்தது வாசற்படியோடு முடிந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும், "இவ்வளவுதானா இடம்?" என்றாள்.

நேயர்களே, நம் வீட்டு ஸ்டோர் ரூமைப் பத்து மடங்கு நீளமாக இழுத்து, இரு பக்கமும் குழாய்களையும் சக்கரங்களையும் கடிகாரங்களையும் அடைத்து, நடுவில் ஒரே ஓர் ஆள் போகிற வழி விட்டால் எப்படியிருக்கும்? அதுதான் குர்சுரா. உள்ளே ஏழு அறைகள். ஓர் அறையிலிருந்து மற்றொன்றுக்குப் போக, வட்டமான துவாரத்தில் தலையைக் குனிந்து, காலைத் தூக்கி நுழையவேண்டும். எங்கள் சின்னவனுக்கு வீட்டில் எம்டன் என்று பெயர். 1914-ல் சென்னைமேல் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் தமிழுக்குக் கொடுத்த கொடை அந்தச் சொல்! அந்த எம்டனே இரண்டு முறை தலையில் இடித்துக்கொண்டு சாதுவாகிவிட்டான். கப்பலோட்டிகளைப் போல் உடை உடுத்திப் பொம்மைகள் வைத்திருக்கிறார்கள். அக்காள் அதில் ஒன்றிடம், "கொஞ்சம் வழி விடுங்க, தம்பி" என்றாள்.

வழிகாட்டியாக வந்தவர் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர். பல ஊர் ஆட்களோடு வேலை பார்த்ததில் கொஞ்சம் தமிழும் கற்றிருந்தார். பத்துக் குழாய்கள், இருபத்திரண்டு டார்பிடோக்கள் என்று அவர் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்காளின் கேள்விகள் வேறு வகை.

"மொத்தம் எத்தனை பேர் இருப்பீங்க?"

"எழுபத்தைந்து பேர், அம்மா."

"குளிக்கிறது?"

அவர் சிரித்தார். "கரைக்கு வந்த பிறகு. நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். வீட்டுக்குப் போனால் எங்கள்மேல் டீசல் நாற்றம்தான் முதலில் உள்ளே நுழையும்."

சமையல் அறையைக் கண்டதும் அக்காள் நகரவில்லை. எங்கள் வீட்டுப் பூஜை அறைக்கு அது தோற்றுப் போகும். எழுபத்தைந்து பேருக்கு மூன்று வேளையும் அதற்குள் நின்றுதான் சமைத்தார்களாம். "பதக்கம் கொடுப்பதாக இருந்தால் இந்தச் சமையல்காரனுக்குத்தான் முதலில் கொடுக்கணும்" என்றாள். அதில் அபிப்பிராய பேதம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படுக்கைகள் அதைவிடக் குறுகல். எல்லோருக்கும் தனிப் படுக்கை கிடையாது. ஒருவன் எழுந்து வேலைக்குப் போனால், அந்தச் சூடு ஆறுமுன் மற்றொருவன் வந்து படுப்பான். அக்காள் தன் கையை விரித்து அகலத்தைச் சாண் கணக்கில் அளந்தாள். பிறகு மகனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "இவன் காலை எங்கே வைப்பான்?" என்றாள் மெதுவாக. வழிகாட்டி பதில் சொல்லவில்லை.

"உள்ளே போய்விட்டால் வீட்டுக்குச் சேதி உண்டா?"

"இல்லை அம்மா. நாங்கள் பேசினால் இருக்கிற இடம் எதிரிக்குத் தெரிந்துவிடும். வாரக்கணக்கில் ஒன்றும் வராது. சேதி இல்லை என்றால் நல்ல சேதி என்று என் சம்சாரம் பழகிக்கொண்டாள்."

வெளியே வந்ததும் நல்ல கடல் காற்று. அதே கடற்கரைச் சாலையில் 1971 யுத்தத்தின் நினைவுச் சின்னமும் இருக்கிறது. அந்த டிசம்பரில் பாகிஸ்தானின் 'காஜி' நீர்மூழ்கி இந்தத் துறைமுகத்துக்கு வெளியேதான் மூழ்கியது. எப்படி மூழ்கியது என்று இரு நாட்டாரும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். உள்ளே இருந்த 93 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை என்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை. அதே மாதம் 9-ம் தேதி நம்முடைய 'குக்ரி' அரபிக் கடலில் மூழ்கி, 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் போனார்கள். இந்தச் சமாசாரத்தையெல்லாம் அக்காள் காதில் போடாமல் தள்ளிக்கொண்டு போய்விட அத்தான் பார்த்தார். ஆனால் பையனே சொல்லிவிட்டான், ஒன்றையும் மறைக்காமல். அவன்மேல் எனக்கு மதிப்பு வந்தது அப்போதுதான்.

அக்காள் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "காஜியில் இருந்தவனுக்கும் அம்மா இருந்திருப்பாளே" என்றாள். அப்புறம் சோளக்கதிர் விற்கிறவனிடம் பேரம் பேசப் போய்விட்டாள்.

திரும்பும்போது இரவு ரயில். பையன் மேல் பலகையில் தூங்கினான். பாதம் இரண்டும் நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தன. போகிற வருகிறவர்கள் எல்லாம் தலையில் இடித்துக்கொண்டு முறைத்தார்கள். அக்காள் எழுந்து அந்தக் கால்களை மடக்கிவிட்டு, போர்வையை இழுத்துவிட்டாள். ஐந்து நிமிஷத்தில் கால்கள் மறுபடியும் வெளியே வந்துவிட்டன.

"ஏண்டி, தூங்கிட்டியா?" என்று என்னைத் தட்டினாள். "தண்ணிக்கு மேலே போகிற கப்பல் என்றால், படுக்கை கொஞ்சம் நீளமாக இருக்குமா?"

"இருக்கும் என்றுதான் நினைக்கிறேன், அக்கா."

"அந்த விண்ணப்பத்துக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கிறதாம்?"