இலண்டனில் மூன்று மண்டபங்கள்

பிறீமேசன் என்னும் சங்கத்தாரைப் பற்றி நம்மவரிடையே பலவிதக் கதைகள் உலவுகின்றன. மூடிய கதவுக்குப் பின்னால் கூடுவோரைப் பற்றிக் கதை பிறப்பது இயல்பே. நாம் இலண்டனில் அலைந்தது அக்கதைகளை ஆராய்வதற்கன்று. அங்கே கட்டிடக்கலை பயிலும் எம் மருமகன் அச்சங்கத்தாரின் பழைய மண்டபங்களைப் பற்றிக் கட்டுரையொன்று எழுதியிருந்தான். பழைய நூல்களை நம்பி, மூன்று மண்டபங்களிலும் இன்றும் அவர்களே கூடுகின்றனர் என்று முடித்திருந்தான்.

"நேரிற் சென்று பார்த்தாயா?" என்று வினவினோம்.

"இல்லை, மாமா" என்றான்.

கட்டுரையை ஒப்படைக்க இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. மறுநாட் காலையிலேயே புறப்பட்டோம்.

முதலிற் சென்றது கிறேட் குயீன் வீதி. அங்கே 1927 முதல் 1933 வரை எழுப்பப்பட்ட மாபெரும் கல் மாளிகை நிற்கின்றது. முதலாம் உலகப் போரில் மடிந்த மூவாயிரத்துக்கு மேற்பட்ட சங்கத்தாரின் ஞாபகார்த்தமாகக் கட்டப்பட்டது இது. மாண்டவர் பெயர்களைத் தாங்கிய ஏடு உள்ளே பேணப்படுகின்றது. பேரவைக் கூடத்தின் வெண்கலக் கதவுகள் ஒவ்வொன்றும் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையன. ஆயினும் தள்ளியவுடன் மெல்லத் திறக்கின்றன. இங்கிலாந்தின் பிறீமேசன் தலைமைச் சபைக்கு இன்றும் இதுவே இருப்பிடம். பொதுமக்கள் பார்ப்பதற்கு நூதனசாலையும் உண்டு. மருமகன் எழுதியதில் இஃதொன்று சரியாயிற்று.

கிழக்கே நடந்து கிளாக்கன்வெல் திடலை அடைந்தோம். அங்குள்ள மாளிகை 1782 ஆம் ஆண்டளவில் நியாயஸ்தலமாகக் கட்டி முடிக்கப்பட்டது. நீதி, கருணை ஆகியவற்றின் உருவங்கள் இன்றும் முகப்பை அணிசெய்கின்றன. நியாயஸ்தலம் அகன்றபின், நிறுவைக் கருவிகள் செய்யும் கம்பனி குடியேறியது. நீதியின் தராசு இருந்த மனையில் வியாபாரத் தராசு! பிறீமேசன் சங்கத்தார் வந்ததோ 1970களின் பிற்பகுதியிலேதான். அவர்களும் பின்னர் வெளியேறினர். 2021 இல் அங்கே உணவகமொன்று திறக்கப்பட்டது. மருமகன் தன் நூலையும் வாயிலையும் மாறிமாறிப் பார்த்தான். நூல் பொய் சொல்லவில்லை. அது அச்சேறிய காலத்து உண்மையைச் சொல்லிற்று.

மூன்றாவது, லிவர்பூல் வீதிப் புகையிரத நிலையத்தை ஒட்டிய பழைய ஹோட்டல். அதனுள்ளே 1912 இல் அமைத்த பளிங்கு மண்டபத்தைக் காட்டினர். கருமையும் வெண்மையுமான சதுரங்கத் தளம், மேலே நட்சத்திரம் பொறித்த விதானம், இருபுறமும் சிம்மாசனங்கள். சின்னங்களில் ஒன்றேனும் குறையவில்லை. பல்லாண்டு சுவருக்குப் பின் மறைந்து கிடந்து 1990களில் வெளிப்பட்டதென்று கதை சொல்வர். ஆனால் நாம் சென்றபோது அது விருந்துகளுக்கும் விழாக்களுக்கும் வாடகைக்கு விடப்படும் கூடமாகவே இருந்தது.

கிளாக்கன்வெல்லில் சங்கத்தார் இருந்த காலத்திலும் முகப்பு நீதியைக் காட்டிற்று; இங்கோ சின்னம் எல்லாம் இருந்தும் சங்கத்தார் இல்லை. அரசாங்கத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டிடங்களின் இடாப்பும் சுவரின் பெருமையைச் சொல்லுமேயன்றி, இன்று உள்ளே இருப்பவர் யாரென்று சொல்லாது. வாயிற் பலகையைப் படித்து, காவலாளியைக் கேட்டு, உள்ளே எட்டிப் பார்த்தறிவதே வழி.

அன்றிரவே மருமகன் கட்டுரையைத் திருத்தினான். முதலாவதற்கு "இன்றும்" என்ற சொல்லை வைத்துக்கொண்டான். ஏனையிரண்டிலும் அதனை அடித்து "முன்னர்" என்று எழுதினான். பின்னர் ஒவ்வொன்றின் கீழும் அன்றைய திகதியையும் குறித்தான்.

"திகதி எதற்கு?" என்றோம்.

"நாளை இதனைப் படிப்பவர்களும் போய்ப் பார்க்கவேண்டுமல்லவா, மாமா?" என்றான்.